1911 பன்றி ரூபாய்: கிரேடு சொல்லுங்கள்

மும்பை நண்பர்களே, ஐந்தாம் ஜார்ஜின் 1911 வெள்ளி ரூபாய் ஒன்றுக்கு உங்கள் கணிப்பு வேண்டும். அரசரின் அங்கியிலுள்ள யானை பன்றி போலத் தெரிந்ததால் 1912-இல் திருத்தினார்களே, அந்த ரகம். பின்பக்கம் தாமரைக்குக் கீழே புடைத்த புள்ளி, ஆக பம்பாய் நாணயச்சாலை. எடை 11.63 கிராம், நிர்ணய எடையான 11.66-க்கு இது போதும்.

டோனிங் (காலப்போக்கில் வெள்ளியில் படியும் நிறம்) நடுவில் வெளிர்மஞ்சள், பிறகு செம்பழுப்பு, விளிம்பில் நீலம். கந்தகப் படலம் விளிம்பில் தடித்து வளரும் இயல்பான வரிசைதான். உறுத்துவது வேறு: முகத்துக்கு முன்னுள்ள வெற்றுப் பரப்பில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள், நிறம் அவற்றுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. தேய்த்துத் துடைத்த பிறகே படிந்த நிறம் என்று நினைக்கிறேன். விளக்கடியில் சாய்த்தால், புது நாணயத்தில் முழுக்கச் சுழலும் ஒளிப்பட்டை இதில் எழுத்துகளை ஒட்டி மட்டும் சுழல்கிறது.

கிரீடமும் காதும் அவ்வளவாகத் தேயவில்லை. தேய்மானத்தை மட்டும் பார்த்தால் ஏயூ (ஏறக்குறைய புழங்காத தரம்). கீறலுக்காக எக்ஸ்எஃப் (அதற்கு அடுத்த கீழ்த்தரம்) விலைக்கு இறக்குவீர்களா, இல்லை 'கிளீன்ட்' (துடைக்கப்பட்டது) என்றே ஒதுக்குவீர்களா? புளி போட்டுத் தேய்ப்பது, டிப் (ரசாயனக் கரைசலில் முக்குவது) யோசனை மட்டும் வேண்டாம், மிச்சமிருக்கும் பளபளப்பும் போய்விடும்.