மறுமொழி: கம்பளி விரிப்பு நெசவுச் சொற்கள் – 'பிக் அண்ட் பிக்'

அன்பு நண்பர்களுக்கு,

நம் அகராதிக்காக, 'பிக் அண்ட் பிக்' என்ற நெசவு உத்திக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதுபற்றிக் குழுவில் எழுந்த கேள்விகளுக்கு என் மறுமொழி.

> 'இருவண்ண நெசவு' என்றே வைத்துக்கொள்ளலாமே. தனிச்சொல் எதற்கு?

போதாது ஐயா. இரண்டு நிறம் கிலிம் என்ற தட்டைநெசவு விரிப்பிலும் உண்டு, பவானி ஜமக்காளத்திலும் உண்டு. நாம் பெயர் தேடுவது, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ நெசவாளர்கள் கம்பளி விரிப்புகளில் கையாளும் ஓர் உத்திக்கு. ஒரு வரிசை கறுப்பு ஊடை (குறுக்கே ஓட்டும் நூல்), அடுத்த வரிசை வெள்ளை ஊடை என்று மாறி மாறி ஓட்டி, அடித்து இறுக்குகிறார்கள். நெடுக்கே கட்டிய பாவு நூலை ஊடை முழுக்க மூடிவிடுவதால், கறுப்பு ஒற்றைப்படைப் பாவிழைகளின் மேல் மட்டும் தெரியும். வெள்ளை இரட்டைப்படை இழைகளின் மேல் மட்டும் தெரியும். நெய்வது குறுக்கே, கிடைப்பதோ நெடுக்கே ஓடும் மெல்லிய கோடுகள். நடுவில் ஒரே நிறத்தை இருமுறை ஓட்டினால் கோடுகள் இடம் மாறிக்கொள்ளும். நிறத்துக்கு இரண்டு வரிசை வீதம் ஓட்டிக்கொண்டே போனால் நெடுக்குக் கோடே வராது, குறுக்கே நெளிகோடுதான் வரும். அதே நூல், அதே இரண்டு நிறம்! ஆகவே பெயரில் இருக்கவேண்டியது நிறம் அல்ல, முறைமாற்றம்.

> 'எடுப்பு நெசவு' பொருந்துமா?

பொருந்தாது. இங்கே 'பிக்' என்பது எடுப்பதைக் குறிக்கவில்லை. ஊடை ஒருமுறை பாவைக் கடப்பதைக் குறிக்கிறது. நம் விசைத்தறிக் கூடங்களிலும் அந்தப் பொருளில்தான் வழங்குகிறது.

என் பரிந்துரை: மாறூடை. 'மாறுதிசை மின்னோட்டம்' பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்டது. அதே 'மாறு' இங்கும் உதவும்.

*

> என் பரிந்துரை: மாறூடை.

வணக்கம். 'மாற்றூடை' என்றால் நாவுக்கு எளிது. ஏன் தவிர்த்தீர்கள்? இன்னொன்று: வாங்குபவர் கேட்கும் அளவுக்கு நெய்யும் விரிப்புக்கும் சொல் வேண்டும். 'தனிப்பயன் அளவு' என்று யாரோ எழுதியிருந்தார்கள், படிக்கவே கூசுகிறது.

*

அம்மா, 'மாற்று எரிபொருள்', 'மாற்று வழி' என்று பழகிய காதுக்கு 'மாற்றூடை' என்றால் ஊடைக்குப் பதிலாக வைத்த ஏதோ ஒன்று என்றே படும். 'மாறூடை' வினைத்தொகை, மாறிய, மாறுகிற, மாறும் ஊடை. கிளைச்சொற்களும் எளிதாக வரும்: ஒவ்வொரு வரிசைக்கும் நிறம் மாறினால் ஓரூடை மாறல், இரண்டுக்கொருமுறை மாறினால் ஈரூடை மாறல்.

அளவு பற்றிய கேள்விக்குப் புதுச்சொல்லே வேண்டாம். தையற்கடையில் 'அளவு கொடுத்துத் தைத்தது' என்கிறோம். 'அளவு கொடுத்து நெய்தது' என்று எழுதினால் யாருக்குப் புரியாது? நவஹோ விரிப்புக்கு அது கூடுதலாகவே பொருந்துகிறது. அவர்களுடைய நிமிர்ந்த தறியில் பாவு ஒரே தொடர்நூலாக மேலும் கீழும் வளைந்து செல்லும். நான்கு ஓரமும் தறியிலேயே முடிந்துவிடும். பாவு போடும்போதே நீளமும் அகலமும் முடிவாகிவிடுகின்றன. ஜவுளிக்கடைத் துணிபோல் பிறகு வேண்டிய அளவுக்குக் கிழித்துக் கொடுக்க முடியாது.

எனக்கு உண்மையில் இடிக்கும் இடம் வேறு. மாறூடையில் ஒவ்வொரு நிறமும், பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து திறக்கும் ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்புகிறது. அதனால் ஓர இழையை எந்த நிறமும் தானாகச் சுற்றிப் பிடிப்பதில்லை. நெசவாளர் திரும்பும்போதெல்லாம் இரண்டு ஊடைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடவேண்டும். மறந்தால் ஓரம் விட்டுப்போகும். இதற்கு 'ஓரப்பிணை' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் நிறைவில்லை. பிணை என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது! குழித்தறியில் இரண்டு நாடா (ஊடை நூலை ஓட்டும் கருவி) வைத்து நெய்கிறவர்கள் இந்த முறுக்குக்கு ஒரு பெயர் வைத்திருக்கக்கூடும். குழுவில் நெசவுக் குடும்பத்தார் இருந்தால் வீட்டில் கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவை மட்டும் காலியாக விட்டு, 'மாறூடை'யை அகராதியில் ஏற்றிவிடலாமா?