ஆக்கஸ்: உலையைத் திறக்கவே முடியாது என்றால் ஆஸ்திரேலியாவுக்கு என்ன தொழில்நுட்பம் கிடைக்கிறது?

ராக்கிங்ஹாம்வாசி:
பெர்த்துக்குத் தெற்கே ராக்கிங்ஹாமில் குடியிருக்கிறோம். கடற்கரையில் நின்றால் கார்டன் தீவு தெரியும். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சேர்ந்து செய்துகொண்ட ஆக்கஸ் ஒப்பந்தப்படி, அங்குள்ள ஸ்டெர்லிங் கடற்படைத் தளத்தில்தான் 2027 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் அணு நீர்மூழ்கிகள் முறைவைத்து வந்து நிற்கப்போகின்றன. வாடகை ஏறும் என்று தெருவெல்லாம் பேச்சு.

பிறகு ஆஸ்திரேலியாவுக்கே அணு நீர்மூழ்கிகள் வருமாம். அதற்கான செலவு 2050களின் நடுப்பகுதி வரைக்கும் 268 முதல் 368 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஆனால் கப்பலை ஓட்டும் அணு உலையை மூடி வெல்டிங் வைத்துத்தான் அனுப்புவார்களாம், இங்கே யாரும் தொடக்கூடாதாம். அப்புறம் எந்தத் தொழில்நுட்பத்தைத் தருகிறார்கள்? பேசாமல் பிரான்ஸிடம் டீசல் நீர்மூழ்கியே வாங்கியிருக்கலாமே?

கணக்குப்பிள்ளை:
பிரான்ஸ் கதையின் கணக்கு இது. 2016-ல் 12 நீர்மூழ்கிகளுக்கு அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021 செப்டம்பரில் கழற்றிவிட்டார்கள். பாரிஸ் கோபித்துக்கொண்டு வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தூதர்களைத் திரும்ப அழைத்தது. 2022-ல் 55.5 கோடி யூரோ கொடுத்து விவகாரத்தை முடித்தார்கள். ஒரு படகுகூட வரவில்லை.

புதிய ஒப்பந்தமும் கெட்டியானது இல்லை. 2030களில் அமெரிக்காவிடமிருந்து வரவேண்டிய 3 வர்ஜீனியா ரக அணு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கைமாற்றுவதற்கு 270 நாள் முன்னால், 'இதனால் எங்கள் கடற்படையின் பலம் குறையாது' என்று அமெரிக்க அதிபர் நாடாளுமன்றத்துக்கு உறுதி சொல்ல வேண்டும். அவர்களுக்கே ஆண்டுக்கு 2 கப்பல் தேவை, கட்ட முடிவது ஏறக்குறைய 1.2. அந்த அமெரிக்கக் கப்பல் கட்டும் பட்டறைகளை மேம்படுத்த ஆஸ்திரேலியா தன் பங்காக 300 கோடி அமெரிக்க டாலர் தருகிறது. கப்பல் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே!

பழைய பேட்டரிக்காரன்:
தம்பி, நான் விசாகப்பட்டினத்தில் ஃபாக்ஸ்ட்ராட் ரக நீர்மூழ்கியில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்தவன். சோவியத் தயாரிப்பு, 3 டீசல் எஞ்சின். நீருக்கடியில் எல்லாமே பேட்டரிதான். அதனால் உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சார்ஜ் இறங்கினால் டீசல் கப்பல் மேலே வந்தே ஆகவேண்டும். முழுதாக வெளியே வராமல், ஸ்நார்ட் என்கிற குழாயை மட்டும் நீருக்கு மேல் நீட்டிக் காற்றை இழுத்து எஞ்சினை ஓட்டுவோம். அலை அடித்துக் குழாயின் வால்வு மூடிக்கொண்டால், எஞ்சின் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்ச ஆரம்பிக்கும். காது குப்பென்று அடைக்கும். எஞ்சின் சத்தம் தூரம் கேட்கும், குழாய் ரேடாரில் விழும். எதிரி காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். செல் செல்லாக அமில அடர்த்தி பார்த்து ஏட்டில் எழுதுவதும், ஹைட்ரஜன் சேராமல் காற்றோட்டம் பார்ப்பதும் என் வேலை. மெதுவாக ஊர்ந்தால் நாள்கணக்கில் ஓட்டலாம். வேகம் பிடித்தால் சில மணி நேரத்தில் காலி.

வர்ஜீனியா ரகத்துக்கு ஒருமுறை போட்ட எரிபொருள் 33 ஆண்டுக்குக் காணும். சாப்பாடு தீர்ந்தால்தான் கரைக்கு வரவேண்டும். பெர்த்திலிருந்து தென்சீனக் கடலுக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். டீசல் கப்பலின் ரோந்தில் கணிசமான பகுதி போய்வருவதிலேயே கழிந்துவிடும்.

சரி, மூடிய உலை. அதற்குள் இருப்பது அணுகுண்டுக்கே ஆகும் அளவு செறிவூட்டிய யுரேனியம். திறக்க விடுவார்களா? அமெரிக்கா இதற்கு முன் இந்த உலை ரகசியத்தைக் கொடுத்தது ஒரே நாட்டுக்கு, 1958 ஒப்பந்தத்தின்படி பிரிட்டனுக்கு. பிரிட்டனின் முதல் அணு நீர்மூழ்கி டிரெட்நாட் அமெரிக்க உலையில்தான் ஓடியது. அதற்கு அடுத்த வேலியன்ட்டில் சொந்த உலை வைத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்காக ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2023-ல் அவர்களுடைய அதிகாரிகள் தென் கரோலினாவில் உள்ள அமெரிக்கக் கடற்படையின் அணுப் பள்ளியில் தேறினார்கள். ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் ஹார்பர் பட்டறையில் ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் வேலை பழகுகிறார்கள். 2024-ல் உங்கள் கார்டன் தீவிலேயே யு.எஸ்.எஸ். ஹவாய் என்ற அமெரிக்க அணு நீர்மூழ்கி பராமரிப்புக்கு நின்றபோது ஆஸ்திரேலிய மாலுமிகளும் சேர்ந்து கைவைத்தார்கள். எந்தப் பழுதைக் கடலிலேயே பார்க்கலாம், எதற்குத் துறைமுகம் திரும்பவேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

இந்தியாவில் நாமும் அந்த வழியில் வந்தவர்கள்தான். சோவியத் யூனியன் 1988-ல் சக்ரா என்ற அணு நீர்மூழ்கியைக் குத்தகைக்குக் கொடுத்தது, அணு ஆயுதம் ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1991-ல் கப்பல் திரும்பிப் போயிற்று, ஓட்டிப் பழகியவர்கள் இங்கே இருந்தார்கள். பிறகு கல்பாக்கத்தில் தரையிலேயே ஒரு மாதிரி உலை கட்டி ஓட்டிப் பார்த்தோம். நாமே கட்டிய அணு நீர்மூழ்கி அரிஹந்த் படையில் சேர 2016 ஆயிற்று.

நடுநிலைக்காரன்:
ஐயா சொல்வது கடற்படைப் பக்கம். எனக்கு உறுத்துவது வேறு. அணு ஆயுதம் இல்லாத நாடுகளின் யுரேனியத்தைச் சர்வதேச அணுசக்தி முகமை கண்காணிக்கும். ஆனால் வெடிப்பொருள் சாராத ராணுவப் பயன்பாடு என்றால் கண்காணிப்பிலிருந்து விலக்குக் கேட்க, முகமையோடு செய்யும் கண்காணிப்பு ஒப்பந்தத்தின் 14-ஆம் பத்தி இடம் தருகிறது. அந்த வாசல் வழியாகத்தான் ஆஸ்திரேலியா போகிறது. பிரேசிலும் சொந்த உலையோடு அணு நீர்மூழ்கி கட்டுகிறது. நாளை ஈரான் அதே பத்தியைக் காட்டினால் என்ன பதில் சொல்வார்கள்?

பழைய பேட்டரிக்காரன்:
நியாயமான கேள்வி. உலையை மூடி அனுப்புவதற்கு அவர்கள் சொல்லும் காரணமே அதுதான்: செறிவூட்டல் இங்கே கிடையாது, எரிந்த எரிபொருளைப் பிரித்தெடுக்கும் மறுபதப்படுத்தல் கிடையாது, யுரேனியத்தை யாரும் வெளியே எடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு அது சரிப்படும். சொந்தமாகச் செறிவூட்டும் நாட்டுக்கு அந்தப் பதில் செல்லாது.

ராக்கிங்ஹாம்வாசி:
நன்றி ஐயா. ஒரு சொந்த விஷயம். மனைவியின் தம்பி ஊரில் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். இங்கே ஹெண்டர்சன் கப்பல் பட்டறைகளில் அவனுக்கு வழி உண்டா?

பழைய பேட்டரிக்காரன்:
அணு நீர்மூழ்கி வேலைக்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு, அதற்குக் குடியுரிமை கேட்பார்கள். இப்போதைக்கு அதை மறந்துவிடச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சோதனையில் தேறுகிற அளவுக்குக் குழாய் வெல்டிங் பழகி, அதற்குச் சான்றிதழ் வாங்கட்டும். ஹெண்டர்சனில் எண்ணெய், எரிவாயுக் கட்டுமான வேலையும் நடக்கிறது. அங்கே முயற்சி செய்யலாம்.