ஒன்வே தெருவில் எதிர்த்திசையில் வரும் வண்டிகள்: தப்பு யார் மேல?

மூணாவது வீடு:
சேலம் பேர்லேண்ட்ஸ் பக்கம் எங்க தெரு. போன வருஷம் ஒன்வே ஆக்கினாங்க. மேற்கால நுழைஞ்சு கிழக்கால மெயின் ரோட்டுக்கு வெளிய போகணும். கிழக்கு முனையில சிவப்பு வட்டத்துல வெள்ளைப் பட்டை போட்ட போர்டு நட்டிருக்கு. அந்தக் கம்பத்தை உரசிக்கிட்டே உள்ள வர்றாங்க. ஸ்கூல் நேரத்துல எத்தனை வண்டின்னு ஒரு நாள் எண்ண உட்கார்ந்தேன், பத்து நிமிஷத்துல விட்டுட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்க அம்மா வாசல்ல கோலம் போட்டு முடிச்சு, வாளியை எடுத்துக்கிட்டு நிமிர்ந்தாங்க. வண்டி வர வேண்டிய பக்கம் பார்த்தாங்க, ஒண்ணும் இல்ல. கோலம் சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு அடி பின்னால வெச்சாங்க. எதிர்ப்பக்கம் இருந்து வந்த ஸ்கூட்டரோட ஹேண்டில்பார் வாளியில பட்டு, வாளி எதிர் வீட்டு கேட் வரைக்கும் உருண்டுச்சு. அம்மாவுக்கு முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவோட போச்சு. ஓட்டினவன் நிக்கல. "பார்த்து நில்லும்மா"ன்னு சொல்லிட்டே போயிட்டான்.

அவங்க பார்த்துத்தான் நின்னாங்க. ரெண்டு பக்கமும் வண்டி வந்த காலத்துல ரெண்டு பக்கமும் பார்ப்பாங்க. "இப்ப ஒன்வே ஆயிடுச்சு, அந்தப் பக்கம் பார்த்தா போதும்"னு சொல்லிக் கொடுத்தது நான்தான்.

டெலிவரி தம்பி:
அம்மாவுக்கு ஆனதைப் படிச்சு மனசு கஷ்டமா இருக்குங்கண்ணா. ஆனா மறைக்காம சொல்லிடறேன், நானும் இந்த மாதிரி தெருவுல எதிர்ல வர்றவன்தான். மெயின் ரோட்டுல நிக்கறேன், நீங்க சொல்ற வீடு கண்ணுக்கே தெரியுது. முறையா வரணும்னா மீடியன் திறந்திருக்கற இடம் வரைக்கும் போய் யூ டர்ன் அடிச்சு, பின் தெரு சுத்தி வரணும். ஒரு கிலோமீட்டருக்கு மேல ஆகுது. எங்களுக்கு ஆர்டர் கணக்குலதான் காசு, பெட்ரோல் நம்மளோடது. இதுக்கு நடுவுல போன் வரும்: "தம்பி, ஏன் சுத்தற, போர்டு இருக்கற பக்கமாவே வந்துடு, எல்லாரும் அப்படித்தான் வருவாங்க." வழி சொல்றது யாருங்கறீங்க? தெருக்காரங்கதான்.

மூணாவது வீடு:
நான் அப்படிச் சொன்னதில்ல.

டெலிவரி தம்பி:
நீங்க சொல்லலைங்கண்ணா. உங்க தெரு அபார்ட்மெண்ட்ல கேட்டுப் பாருங்க.

ஓய்வூதியர்:
போக்குவரத்துக் காவலில் பல ஆண்டுகள் வெயிலில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பியின் கஷ்டம் உண்மைதான், ஆனால் சட்டம் அதைக் கேட்காது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்தம் வந்தபோது, அனுமதித்த திசைக்கு எதிராக ஓட்டுவதை 184ஆவது பிரிவில், அதாவது ஆபத்தாக வண்டி ஓட்டும் குற்றத்தில், பெயர் சொல்லியே சேர்த்தார்கள். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி என்றால் அபராதம் 10,000 ரூபாய். பலகையை மதிக்கவில்லை என்று 119, 177 பிரிவுகளில் 500 ரூபாயோடு முடிப்பதும் உண்டு.

இன்னொன்றும் யாருக்கும் தெரிவதில்லை. எதிர்த்திசையில் வந்து அடிபட்டால், நஷ்டஈட்டு வழக்கில் "உன் பங்கும் இருக்கிறது" என்று தொகையைக் குறைப்பார்கள். காலை ஒடித்துக்கொண்டு, கேட்ட பணமும் முழுதாகக் கிடைக்காமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறுக்குக் கேள்வி:
சார், சட்டம் பேசறதா இருந்தா முழுசாப் பேசுவோம். அந்த போர்டை யார் நட்டாங்க? எங்க ஏரியாவுல ஒரு போர்டு இருக்கு. மேல "ஒருவழிப்பாதை", கீழ அதைவிடப் பெரிய எழுத்துல கடை விளம்பரம். அதே சட்டத்துல 115ஆவது பிரிவைப் படிங்க. இந்த மாதிரி கட்டுப்பாடு ஒரு மாசத்துக்கு மேல நீடிக்கணும்னா அரசிதழ்ல அறிவிக்கை வேணும். ஒரு மாசத்துக்குள்ளன்னா உள்ளூர்ல விளம்பரப்படுத்தினா போதும். உங்க தெருவுக்கு அறிவிக்கை இருக்கா, இல்ல சங்கத்துல நாலு பேர் சேர்ந்து போர்டு வெச்சுட்டு ஊரைத் திட்டறீங்களா?

மூணாவது வீடு:
டிராபிக் போலீஸ்தான் வந்து நின்னு வெச்சாங்க. அரசிதழ் நான் பார்க்கல.

குறுக்குக் கேள்வி:
அதைத்தான் கேக்கறேன். தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, பத்து ரூபாய் செலவு. நகல் கையில இருந்தா அப்புறம் பேச்சே வேற.

ஓய்வூதியர்:
நியாயமான கேள்வி, வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அறிவிக்கை இல்லை என்றால் கிழவியை இடித்துவிட்டுப் போகலாம் என்று ஆகிவிடாது.

மளிகைக் கடை:
என் வயிற்றெரிச்சலையும் கேளுங்க. எங்க தெருவையும் ஒன்வே ஆக்கினாங்க. ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க வழியில நிறுத்தி அரை கிலோ துவரம்பருப்பு, ஒரு தேங்காய்னு வாங்குவாங்க. அந்த வியாபாரம் அப்படியே போச்சு. இப்ப கடைக்கு வர்றதுல பாதிப் பேர் எதிர்த்திசையிலதான் வர்றாங்க. நான் திட்டினா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. செவ்வாய்ப்பேட்டையில இருந்து சரக்கு ஏத்தி வர்ற டெம்போ டிரைவரும் "சுத்தினா வாடகை சேர்த்துக் கொடு"ங்கறார். போதாததுக்கு, முன்னால எதிர்ல வண்டி வருமோன்னு பயந்து மெதுவா வருவாங்க. இப்ப எவனும் வர மாட்டான்னு முறுக்கறான். எங்க தெருவுல மனுஷன் நடக்க பயப்படறது சரியான திசையில வர்ற வண்டிக்கும்தான்.

மாங்கனி நகரத்தாள்:
கடைசியா சொன்னீங்களே, அதுக்கு ஸ்பீடு பிரேக்கர் கேளுங்க. வேகமாப் போறான்னு ஒன்வேயை எடுத்துட்டா அந்த அகலத்துல ரெண்டு ஸ்கூல் வேன் எதிரெதிரா மாட்டிக்கிட்டு ஹாரன் அடிச்ச காலம் திரும்ப வரும். அதை மறந்துட்டீங்களா?

எங்க தெருவுல ஒரு கார்க்காரர் இருக்கார். எதிர்த்திசையில முன்னால வந்தாத்தானே தப்பு, ரிவர்ஸ்ல வந்தா கார் சரியான பக்கம் பார்த்துத்தானே இருக்குன்னு தெரு முழுக்க பின்னாலயே வருவார். கழுத்து சுளுக்காதான்னு எங்க வீட்டுக்காரர் தினமும் ஆச்சரியப்படுவார்.

ஓய்வூதியர்:
ஒருவழிப்பாதைக்குள் பின்பக்கமாக நுழைவதை 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே தடுத்திருந்தார்கள். அப்போதே அவரைப் போல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

மலையேறி:
நான் ஏற்காட்டுல காபித் தோட்டத்து வேலை. மே மாசம் கோடை விழா சமயத்துல கூட்டம் தாங்காம, அடிவாரம் வழியா ஏறு, குப்பனூர் வழியா இறங்குன்னு ஒருவழி ஆக்குவாங்க. சேலத்துக்காரங்க அதே ஸ்கூட்டர், அதே கார்ல 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒழுங்கா குப்பனூர் சுத்தித்தான் இறங்கறாங்க. ஏன்? வழியை மறிச்சு போலீஸ் நிக்குது. உங்க தெருவுல கம்பம் மட்டும்தான் நிக்குது.

டெலிவரி தம்பி:
அப்படி வாங்க. ஒரு மாசம் ஒருத்தர் நின்னா நாங்களும் சுத்திப் பழகிடுவோம். ரெண்டு நாள் நின்னுட்டுப் போனா அந்த ரெண்டு நாளுக்கு எங்க குரூப்புல மெசேஜ் போகும், அவ்வளவுதான்.

மாங்கனி நகரத்தாள்:
ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு போலீஸா? மாநகராட்சியில வார்டே 60 இருக்கு. கிழக்கு முனையில வண்டி நுழைய முடியாதபடி ஏதாவது வைங்க.

ஓய்வூதியர்:
வைத்தால் 108 ஆம்புலன்ஸ் எப்படி நுழையும்? அவசரத்துக்கு வரும் வண்டி எந்தப் பக்கமாகவும் வர வேண்டியிருக்கும். முழுதாக அடைக்காதீர்கள். மீடியனில் உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு திறப்பு கேட்டு மனுக் கொடுங்கள். சுற்றும் தூரம் பாதியானால் மீறுகிறவர்களில் பாதிப் பேர் தானாகக் குறைவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு அபராதம் போடலாம்.

மூணாவது வீடு:
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதிட்டு இருக்கேன். மீடியன் திறப்பு, ஸ்பீடு பிரேக்கர், அறிவிக்கை நகல், மூணும் அதுலயே கேக்கறேன். தம்பி, அதுவரைக்கும் எங்க தெருவுக்கு வந்தா முனையில இன்ஜினை அணைச்சுட்டு உருட்டிக்கிட்டு வருவீங்களா?

டெலிவரி தம்பி:
உருட்டறேங்கண்ணா, நூறு அடிதானே. ஆனா எந்த ஓரமா உருட்டறது? ரெண்டு பக்கமும் வீட்டுக் கார்தான் நிக்குது. உங்க வாசல்ல ஒரு வெள்ளைக் கார் இருக்குமே, மூணாவது வீடு?

மூணாவது வீடு:
அது எங்களுதுதான். உள்ள போர்டிகோவுல பழைய சாமான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை ஒதுக்கிட்டு எடுத்து விடறேன்.