பொறக்கப்போற பாப்பாவுக்கு ஒட்டுத்துணி போர்வை தைக்கிறேன், உள்ள என்ன வைக்கலாம்? மாமியார் வேற வேணாங்கறாங்க (பாண்டி, கடலூர் ஆளுங்க சொல்லுங்க)

முத்தியால்பேட்டை_தையல்காரி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இப்ப தான் முதல் தடவ எழுதறேன், நீளமா போனா திட்டாதீங்க. எனக்கு 26 வாரம் நடக்குது, முதல் குழந்த. செக்கப்புக்கு போற எடத்துல டோக்கன் வாங்கிட்டு ஒக்காந்து ஒக்காந்து அஞ்சு பேர் நல்லா பழகிட்டோம், ரெண்டு பேர் பாண்டி, ஒருத்தங்க வில்லியனூர், ரெண்டு பேர் கடலூர்லேந்து பஸ்ல வர்றவங்க, எல்லாருக்கும் ரெண்டு மாச இடைவெளிக்குள்ள டெலிவரி. போன வாரம் பேச்சுவாக்குல ஒரு யோசன வந்துது, சீட்டு குலுக்கிப் போட்டு யார் பேர் வருதோ அவங்க பாப்பாவுக்கு நம்ம கையாலயே எதாவது பண்ணி குடுக்கணும், கடைல வாங்கக்கூடாது, 300 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாது. எனக்கு மஞ்சக்குப்பம் அக்கா பேர் வந்திருக்கு. என் சீட்டு யார் கிட்ட இருக்குன்னு எனக்கு தெரியாது.

எனக்கு டெய்லரிங் தெரியும், வீட்ல பழைய மிதி மிஷின் இருக்கு, மோட்டார் மாட்டியிருக்கோம். அதனால சின்ன சின்ன துணி ஒட்டு போட்டு ஒரு போர்வ தைக்கலாம்னு ஆச. பிளவுஸ் வெட்டுனது போக மிச்சம் ஒரு மூட்ட இருக்கு, குறிஞ்சிப்பாடி கைலி ரெண்டு பழசு இருக்கு. அடித்துணிக்கு எங்க தாத்தாவோட பெட்ஷீட் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், தாத்தா ரோடியர் மில்லுல (அதான் ஏஎஃப்டி) வேல பாத்தவரு, 1898ல ஆரம்பிச்ச மில்லு, 2020ல ஒரேயடியா மூடிட்டாங்க, அந்த ஷீட்டு இன்னும் கிழியல பாருங்க!

கேள்வி என்னன்னா, நடுவுல பஞ்சு மாதிரி என்ன வைக்கறது? யூட்யூப்ல பாலியஸ்டர் ஷீட் வைக்கிறாங்க, நம்ம ஊருக்கு சரி வருமா? அப்புறம் எவ்ளோ நேரம் மிஷின்ல ஒக்காரலாம், சாயங்காலம் ஆனா கால் வீங்குது. பெரிய கேள்வி மாமியார் தான். பொறக்கறதுக்கு முன்னாடி பாப்பா துணி வீட்டுக்குள்ள வரவே கூடாதுங்கறாங்க, வயித்துப்புள்ளக்காரி ஊசி கத்திரி தொடாதங்கறாங்க. நல்லவங்க தான், சண்ட போட விருப்பம் இல்ல, ஆனா சீட்டு எடுத்துட்டேனே என்ன பண்றது.

கத்திரியும்_கையுமா

தங்கச்சி, நான் திருப்பாப்புலியூர்ல இருவது வருஷமா தைக்கிறேன், லாரன்ஸ் ரோட்டுல கட்பீஸ் கட கட கடையா ஏறி எறங்குன ஆளு, அதனால துணி விஷயம் மட்டும் சொல்றேன், மாமியார் விஷயம் மத்தவங்க பாத்துப்பாங்க.

பாலியஸ்டர் ஷீட் வேண்டவே வேணாம். அது குளுரு ஊர் ஆளுங்களுக்கு. நம்ம கடலோரத்து புழுக்கத்துல அதுல படுத்தா புள்ள முதுகு பூரா வேர்க்குரு வந்துடும், தொவச்சா உள்ள உருண்ட உருண்டயா சேந்துக்கும். பழைய காட்டன் புடவ எடு, நல்லா தொவச்சு தொவச்சு மெத்துன்னு ஆன சுங்குடி மாதிரி. அஞ்சரை மீட்டர்னா 216 இஞ்சு, 40 இஞ்சு 40 இஞ்சா வெட்டினா அஞ்சு துண்டு வரும், அதுல ரெண்டு இல்ல மூணு அடுக்கு நடுவுல வச்சா போதும். நம்ம பாட்டிங்க பண்ணதே அது தான். ஜரிக பார்டர் இருந்தா மொதல்ல வெட்டி எறிஞ்சிடு, புள்ள தோல கீறும்.

அளவு சொல்றேன். அஞ்சு இஞ்சு சதுரமா 64 பீஸ் வெட்டு, எட்டுக்கு எட்டு. கால் இஞ்சு தையல் விட்டா ஒவ்வொண்ணும் நாலரையா வரும், மொத்தம் 36 இஞ்சு, ஒரு கெஜம். கால் இஞ்சுல தான் எல்லாரும் கோட்ட விடறது, ஒரு பீஸ்ல நூல் அளவு ஏறினாலும் எட்டாவது பீஸ் வர்றப்ப மூல பொருந்தாது, அப்புறம் இழுத்து இழுத்து தச்சா குடை மாதிரி தூக்கிக்கும். அட்டைல ஒரு சதுரம் வெட்டி வச்சுக்கோ, துணிய ரெட்டையா நாலா மடிச்சு வெட்டாம ஒண்ணு ரெண்டா வெட்டு. ஒவ்வொரு வரிசையும் அயர்ன் பண்ணிட்டு அடுத்தத சேரு. மூணு அடுக்கையும் தரைல விரிச்சு கச்சா தையல் (அப்புறம் பிரிச்சுடற நீளத் தையல்) போடணும், ஆனா இந்த வயித்தோட நீ குனியாத, மேஜ மேல போட்டு வீட்டுக்காரர பிடிக்கச் சொல்லு. சுத்தி வர்ற பட்டிக்கு ரெண்டரை இஞ்சு அகலத்துல மொத்தம் 160 இஞ்சாவது வேணும்.

முக்கியமா சொல்ல மறந்துட்டேன், கைலி சாயம்! உப்புத்தண்ணில ஊற வச்சா நின்னுடும்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் பத்து வருஷம் நம்புனேன், ஒரு வெள்ள பாவாட செவப்பா வந்து நின்னப்ப தான் புத்தி வந்துது. ஒவ்வொரு கலரா தனித்தனியா சுடுதண்ணில அலசு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசு, நாலாவது தடவயும் விடுதுன்னா அந்த துணிய இதுல சேக்காத. புதுத்துணியா இருந்தாலும் கஞ்சி போக தொவச்சிட்டு தான் வெட்டணும், இல்லன்னா தச்சப்புறம் சுருங்கும். வேல ஆரம்பிக்கறப்ப குண்டூசி எத்தனன்னு எண்ணி வை, முடிக்கறப்பயும் எண்ணு. மிஷின் ஊசி ஒடஞ்சா ஒடஞ்ச துண்டு கைக்கு கெடைக்கிற வரைக்கும் எழுந்திரிக்காத. புள்ள துணி.

ரெண்டு_பசங்க_அம்மா

மேல அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயம் விட்டுட்டாங்க, அதனால நடுவுல வரேன், நான் நர்ஸ். போர்வைன்னு பேர் வச்சாலும் அத பாப்பா மேல போத்தக்கூடாது. ஒரு வயசு ஆகற வரைக்கும் தூங்கற எடத்துல லூசா போர்வ, தலகாணி, மெத்து மெத்துன்னு பொம்ம எதுவும் இருக்கக்கூடாது, முகத்துல விழுந்தா அதுக்கு தள்ளிவிட தெரியாது. மல்லாக்க படுக்க வைக்கணும், கீழ இறுக்கமா ஒரு துணி, அவ்ளோ தான். நீங்க தைக்கிறது தரைல விரிச்சு பாப்பா முழிச்சிருக்கறப்ப குப்புற போட்டு வெளயாட விட, எண்ண தேச்சு குளிப்பாட்ட, வெளிய போறப்ப மடில விரிச்சுக்க ரொம்ப நல்லா இருக்கும். குடுக்கறப்ப அந்த அக்கா கிட்ட இத வாயால சொல்லிடுங்க. கடுகு தலகாணி தைக்கலாம்னு யாராவது ஆரம்பிப்பாங்க, தல உருண்டையா வரும்னு, வேண்டாம். கொஞ்ச நாள்ல தல தானா சரியாயிடும்.

ஜப்லா தைக்கிறவங்களுக்கு: பட்டன் வேணாம் நாடா வைங்க, ஆனா நாடா சின்னதா இருக்கட்டும், கழுத்துப்பக்கம் நீளமா தொங்கக்கூடாது. தையல் ஓரம் வெளிப்பக்கம் வர்ற மாதிரி தச்சா உள்ள உறுத்தாது, பாக்க அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. மல் துணி தான் பெஸ்ட்டு.

மிஷின் ஓட்டறதால வயித்துல இருக்கற பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு தான் முதுகும் காலும் போயிடும். அரை மணிக்கு ஒரு தடவ எழுந்து நாலு நட நடந்துட்டு வாங்க, தண்ணி குடிங்க. சாயங்காலம் கால் வீங்கி காலைல வடிஞ்சுடுதுன்னா சாதாரணமா பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனாலும் அடுத்த செக்கப்புல சொல்லிடுங்க. மூஞ்சி கை எல்லாம் திடீர்னு வீங்குது, தல விடாம வலிக்குது, கண்ணு மங்கலா தெரியுதுன்னா அன்னிக்கே போய் பிரஷர் பாத்துடுங்க, அடுத்த டோக்கன் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

கத்திரியும்_கையுமா

நர்ஸம்மா சொன்னா சரி தான். அப்ப தூளி? நாங்க எல்லாம் தூளில வளந்தவங்க தானே

ரெண்டு_பசங்க_அம்மா

அக்கா என் ரெண்டு பசங்களும் தூளி தான், பொய் சொல்ல மாட்டேன், ஆனா நான் பக்கத்துல ஒக்காந்திருந்தா மட்டும் தான். உடம்பு வளஞ்சு தாட நெஞ்சுல முட்டிக்கும், அதான் பயம். ராத்திரி பூரா தூளில விட்டுட்டு நம்ம தூங்கறது கூடாது.

சில்வர்பீச்_காத்து

ஊசி தொடக்கூடாதுன்னு எங்க வீட்லயும் சொன்னாங்க, கிரகணத்தன்னிக்கு மட்டும் தானேன்னு கேட்டேன், ஆமாம்னாங்க, சரி அன்னிக்கு தொடலன்னு ஒத்துக்கிட்டேன், என் வயித்துல இருந்த மாசம் பூரா நம்ம ஊர்ல தெரியற மாதிரி கிரகணமே வரல 😂

தைக்கத் தெரியாதவங்க குரூப்புல இருந்தா என்ன பண்றதுன்னு யாரும் கேக்கல, நானே சொல்றேன். சுனாமிகா பொம்ம தெரியுமா, 2004 சுனாமிக்கு அப்புறம் ஆரோவில்ல உபாசனாங்கற எடத்துல மீனவப் பொம்பளைங்களுக்கு சொல்லிக் குடுத்து தையல் கழிவுத்துணில பண்ணது, விரல் அளவு தான் இருக்கும். அதுக்கு வெல கெடையாது, விக்க மாட்டாங்க, குடுக்கறது தான். அந்த மாதிரி ஒண்ணு கைல ஊசி நூலு இருந்தா யார் வேணா பண்ணிடலாம். ஆனா அது பாப்பாவுக்கு இல்ல, வாய்ல போட்டுக்கும், அம்மாவோட பைல தொங்க விட. அந்த ஒம்போது மாசத்துல எல்லாரும் வயித்துக்கு தான் எதாவது கொண்டு வர்றாங்க, நமக்குன்னு யாரு கொண்டு வர்றா.

மகுப்பம்_டு_பாண்டி_பஸ்

செக்கப் டோக்கன், அஞ்சு பேர், 300 ரூபா, மஞ்சக்குப்பம் அக்கா... அடிப்பாவி அது நான் தான்டி! நான் எதுவும் படிக்கல. ஆனா படிக்காத ஆளு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன், ரொம்ப வெளிர் கலரா போடாத, எங்க வீட்ல பூன இருக்கு.

பேர்_வேணாம்

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். உங்கள பயமுறுத்த இல்ல, உங்க மாமியார் சொன்ன விஷயத்துக்காக மட்டும் எழுதறேன்.

எனக்கு ஆறு வருஷம் முன்னாடி ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு மூணாவது வாரம் போயிடுச்சு. ஆஸ்பத்திரிலேந்து வீட்டுக்கு வந்தா கட்டில் மேல பதினோரு ஜப்லா, ஒரு மஞ்ச போர்வ, எங்க ஆபீஸ் தோழி பின்னுன குல்லா, எல்லாம் மடிச்சபடியே இருந்துது. யாருக்கும் அத எடுத்து வைக்கணும்னு தோணல, தப்பு சொல்ல முடியாது, எல்லாரும் ஆஸ்பத்திரில இருந்தாங்க. அதுவரைக்கும் நானும் இதெல்லாம் மூடநம்பிக்கன்னு தான் பேசிட்டு இருந்தேன். இப்பவும் துணி வந்ததால தான் அப்படி ஆச்சுன்னு நான் நம்பல, ஆனா முன்னாடியே எதுவும் வாங்காதன்னு சொன்ன பொம்பளைங்க அந்த கட்டில பாத்தவங்கன்னு மட்டும் புரிஞ்சுது. அந்த காலத்துல எத்தன வீட்ல எத்தன கட்டிலோ.

அதனால சண்டையே வேணாம்மா. நீங்க தைக்கிறது உங்க பாப்பாவுக்கு இல்லயே, மஞ்சக்குப்பத்து பாப்பாவுக்கு தானே. அது உங்க வீட்ல இருக்கட்டும், அந்த பொண்ணு வீட்டுக்கு போக வேணாம். உங்க பாப்பாவுக்கு யாரோ தைக்கிறது அவங்க வீட்லயே இருக்கட்டும். அஞ்சு பேரும் அப்படியே வச்சிருந்து கொழந்த பொறந்து கைல வந்தப்புறம் கொண்டு போய் குடுங்க. யார் வீட்லயும் அவங்க பாப்பா துணி முன்னாடி வந்ததா ஆகாது.

இன்னொண்ணு, கேக்க கஷ்டமா இருந்தாலும் அஞ்சு பேரும் இப்பவே பேசி வச்சுக்கோங்க, யாருக்காவது வேற மாதிரி ஆயிட்டா தச்சத கொண்டு போய் நீட்டாதீங்க, அத பத்தி பேசாதீங்க, தச்சவங்க கிட்டயே இருக்கட்டும், அவங்களா ஒரு நாள் கேட்டா குடுங்க. எனக்கு அப்புறம் பொண்ணு பொறந்தா, நாலு வயசு. குல்லாவ மட்டும் அவளுக்கு போட்டேன். மஞ்ச போர்வ இன்னும் லாஃப்டுல இருக்கு.

முத்தியால்பேட்டை_தையல்காரி

அக்கா, நீங்க எழுதினத படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் டைப் பண்ண முடியல. நன்றின்னு சொல்றது சின்னதா இருக்கு.

குரூப்ல பேசிட்டோம். பொறந்து பதினாறாவது நாளுக்கு அப்புறம் தான் கை மாறணும், அதுவும் அவங்க வாங்கன்னு கூப்ட்டா தான். நீங்க சொன்ன இன்னொண்ணையும் பேசினோம், வில்லியனூர் பொண்ணு அழுதுட்டா, அவளுக்கு இது ரெண்டாவதாம், முதல் ஒண்ணு மூணு மாசத்துல போனத எங்க கிட்ட சொன்னதே இல்ல.

மாமியார் கிட்ட உங்க பதில மட்டும் வாசிச்சு காமிச்சேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், அடுத்த வீட்டு புள்ளைக்கு தான தைக்கிற, தையி, ஆனா செவ்வா வெள்ளி கத்திரி எடுக்காதன்னாங்க. சரின்னுட்டேன், வாரத்துல அஞ்சு நாள் போதும். கிரகணம் வந்தா அன்னிக்கும் லீவு.

கத்திரி அக்கா, கைலில பச்ச கலரு மூணு அலசுக்கு நின்னுடுச்சு, மெரூன் அஞ்சாவது தண்ணிலயும் விடுது, தூக்கிட்டேன். இப்ப 51 பீஸ் தான் இருக்கு, 13 கொறயுது. ஞாயித்துக்கெழம சண்டே மார்க்கெட்டுல காந்தி வீதி பக்கம் கட்பீஸ் போடறவங்க கிட்ட பாக்கறேன், இருட்டு கலரா தான் எடுப்பேன், பூன இருக்கற வீடு.