ஒரே சாயப்பட்டறைக்கு மூன்று பெயர்: வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஐடி பொறுப்பு என்னுடையது. ஒரே சாயப்பட்டறை டேலி கணக்கு மென்பொருளில் ஒரு பெயரில், ஈஆர்பியில் (நிறுவனம் முழுவதற்குமான நிர்வாக மென்பொருள்) இன்னொரு பெயரில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் எக்செலில் வெறும் ‘கருவம்பாளையம் அண்ணன்’. போன மாதம் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது.

ஜிஎஸ்டி எண்ணை வைத்து இணைக்கலாம் என்று பார்த்தேன். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதற்குள்ளேயே இருக்கும் 10 எழுத்து பான் எண்தான் சரி என்று படுகிறது. ஆனால் ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன ஜாப்வொர்க்காரர்களை (கூலிக்கு வேலை செய்து தருபவர்களை) எப்படி அடையாளம் வைப்பது?

அப்புறம், புது சப்ளையரைச் சேர்க்கும் அதிகாரம் அக்கவுண்ட்ஸுக்கா, பர்ச்சேஸுக்கா? இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். முதலாளியோ மென்பொருள் வாங்கிவிடலாம் என்கிறார். பொறுப்பாளர் யார் என்று முடிவாகாமல் மென்பொருள் எதற்கு? உங்கள் இடத்தில் இதை யார் பார்க்கிறார்கள்?