புதுப்பிப்பு: புனோம் பென்னில் வாங்கிய பிடான் பட்டு

போன மாதம் வாங்கிய பிடான் பட்டு கைத்தறிதானா என்று கேட்டிருந்தேன். கம்போடியாவின் கெமர் மக்கள் தங்கள் விகாரைகளில் புத்தருக்கு மேலே கட்டும் சித்திரப் பட்டு அது. நம் 'விதானம்'தான் அங்கே பிடான்.

நீங்கள் சொன்னபடி திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் அரக்குச் சிவப்பு பளிச்சென்று இருக்கிறது, மறுபக்கம் மங்கல். கெமர் ட்வில் (சாய்வரி) நெசவில் அப்படித்தான் வரும். பட்டில் உள்ள கப்பல் சித்திரத்தின் பாய்மர ஓரங்களில் சாயம் லேசாகக் கசிந்திருக்கிறது. குறுக்கே ஓடும் ஊடை நூலை நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றிய அடையாளம் அது. அச்சுத்துணி இல்லை! எவ்வளவு அழகு!

அப்புறம் ஒரு கவலை. 1975–79இல், கெமர் ரூஜ் ஆட்சியில், அங்கே விகாரைகள் சூறையாடப்பட்டன. விற்றவரிடம் பூர்வீகம் தெரியும் சீட்டு எதுவுமில்லை. விகாரையுடையது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன்.