இருமினால் சிறுநீர் கசிகிறது, குழந்தைக்கு நாலு மாதம்

களுவாஞ்சிக்குடித் தாய்:
அக்காமார், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். முதல் பிள்ளை, சுகப்பிரசவம். வயிற்றில் ஏழாம் மாதத்திலேயே தும்மினால் ஓரிரு துளி கசியும். இப்போது இருமினாலும், கிணற்றில் வாளி இழுத்தாலும் உடுப்பு நனைகிறது. பயத்தில் தண்ணீர் குடிப்பதே குறைந்துவிட்டது. மாமி, "பிள்ளை பெற்றவளுக்கு இது வழமைதான், மிளகு, சீரகம் அரைத்த சரக்குக் கறி சாப்பிடு, வயிற்றை இறுக்கிக் கட்டு" என்கிறா. இது இப்படியே இருந்துவிடுமா?

கல்முனை அக்கா:
இல்லை தங்கச்சி. நிறையப் பேருக்கு வருவது உண்மை, அதற்காக ஆயுளுக்கும் சுமக்கத் தேவையில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கும் இருந்தது. பிசியோதெரபி மிஸ் சொல்லித் தந்ததை எழுதுகிறேன்.

முன் இடுப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை ஏணை மாதிரி ஒரு தசை விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. கர்ப்பத்தில் ஹோர்மோன்கள் அந்த இடத்தை இளக்கும், பிள்ளையின் பாரம் மாதக்கணக்கில் அழுத்தும், பிரசவத்தில் நன்றாக இழுபடும். சிசேரியன் செய்தவர்களுக்கும் வருவது அந்தப் பாரத்தால்தான்.

படுத்துக்கொண்டு, காற்றையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குவது போல உள்ளே இறுக்கி மேலே தூக்கு. மூச்சை அடக்காதே. தொடையும் பிட்டமும் தளர்வாக இருக்கட்டும். சில விநாடி பிடித்து, முழுதாக விடு. மெல்ல மெல்ல 10 விநாடிக்குக் கூட்டி, ஒரு வேளைக்கு 10 தடவை, நாளுக்கு 3 வேளை. பால் கொடுக்கும்போது செய்தால் மறக்காது. வாளி இழுக்க முன்னும், தும்மல் வரும்போதும் ஒருக்கா இறுக்கிக்கொள். பலன் தெரிய 3 மாதமாவது வேண்டும், இடையில் விட்டுவிடாதே.

சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதே, பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். தண்ணீரையும் குறைக்காதே. மலம் இறுகி, முக்க முக்க அந்தத் தசைதான் இன்னும் தளரும். மாமியின் சரக்குக் கறியைச் சாப்பிடு, உடம்புக்கு நல்லது. துணி கட்டுவதால் மட்டும் இந்தத் தசை பலமாகாது.

காத்தான்குடி உம்மா:
ருகூவுக்குக் குனியும்போது கசிந்து, தொழுகையில் மனம் நிற்காமல் தவித்தவள் நான். பயிற்சியால் நன்றாகக் குறைந்தது. ஒன்று மட்டும் கவனம் மகள்: கீழே பாரமாக, ஏதோ இறங்குவது போல இருந்தால் பயிற்சியோடு நிற்காதீங்க. கருப்பை இறக்கமாக இருக்கலாம், டொக்டரிடம் காட்டுங்க. சிறுநீர் எரிந்தாலும் அப்படித்தான்.

களுவாஞ்சிக்குடித் தாய்:
பாரம் இல்லை. மிட்வைஃப் மிஸ் வரும்போது பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்கிறேன். அக்கா, சரியாக இறுக்குகிறேனா என்று எப்படித் தெரியும்?

கல்முனை அக்கா:
உள்ளே மேலே ஏறுவது போல உணர்ந்தால் சரி. கீழே தள்ளுவது போல இருந்தால் பிழை, அன்றைக்கு நிறுத்திவிட்டு மிஸ்ஸிடம் காட்டிக் கேள்.